வாசகர் கேள்விகள்: கொடுத்த அதிகாரமா, கூடி வைத்த அதிகாரமா?

போன இதழில் "அதிகாரப் பரவல் வேறு, கூட்டாட்சி வேறு" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். விளக்கம் கேட்டும் சண்டைக்கு இழுத்தும் இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை சினிமா, கிரிக்கெட் கேள்விகளுக்கு விடுமுறை. முழுக்கக் கூட்டாட்சிதான்.

கேள்வி: கூட்டணி ஆட்சியைத்தானே கூட்டாட்சி என்கிறார்கள்? இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. கூட்டணி ஆட்சி என்பது கட்சிகள் கூடி அமைப்பது, அடுத்த தேர்தலில் கலைந்துபோகலாம். கூட்டாட்சி என்பது அரசுகள் கூடி அமைவது. ஒரே கட்சி எல்லா இடத்திலும் ஜெயித்தாலும் அது கூட்டாட்சியாக இருக்கலாம், பத்துக் கட்சிகள் சேர்ந்து ஆண்டாலும் நாடு ஒற்றையாட்சியாக இருக்கலாம். இலங்கைத் தமிழர்கள் 'சமஷ்டி' என்கிறார்கள், அந்தச் சொல்லில் இந்தக் குழப்பம் வராது.

கேள்வி: மேலே இருப்பவர்கள் கீழே அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தால் அது கூட்டாட்சி ஆகாதா? வார்த்தை விளையாட்டாகத் தெரிகிறதே! – ஓய்வுபெற்ற அரசு ஊழியர்

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது ஐயா. 'கொடுத்தால்' என்கிறீர்கள். கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் அல்லவா?

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். வட அயர்லாந்துக்கென்று 1921-லிருந்து தனி நாடாளுமன்றம் இருந்தது, அரை நூற்றாண்டு நடந்தது. 1972-இல் லண்டன் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அதை முடக்கியது, அடுத்த ஆண்டு ஒழித்தேவிட்டது. லண்டன் மாநகரத்துக்கு இருந்த பெருநகர மன்றத்தை, மத்தியில் இருந்த கட்சிக்கும் அதற்கும் ஆகாமல் போக, 1986-இல் கலைத்தார்கள். இரண்டும் சட்டப்படி சரிதான். வட அயர்லாந்து நாடாளுமன்றத்தை முடக்கியது நியாயமா, அங்கே நடந்துகொண்டிருந்த கலவரம் காரணமா என்பதெல்லாம் தனி வாதம். நான் சொல்ல வருவது, அப்படிச் செய்ய யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டியிருக்கவில்லை என்பதைத்தான். அது அதிகாரப் பரவல்.

இப்போது ஜெர்மனி. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மறு ஆண்டே, 1934-இல், மாநிலச் சட்டமன்றங்களை ஒழித்தார். போர் முடிந்து 1949-இல் அரசியலமைப்பு எழுதியவர்கள் இதை மறக்கவில்லை. 79-ஆம் பிரிவில் ஒரு பூட்டு போட்டார்கள்: நாடு மாநிலங்களாகப் பிரிந்திருப்பதையும், சட்டம் இயற்றுவதில் மாநிலங்களுக்கு இருக்கும் பங்கையும் எந்தத் திருத்தத்தாலும் நீக்க முடியாது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தாலும் சரி, நூறு சதவீதம் இருந்தாலும் சரி.

அமெரிக்க அறிஞர் டேனியல் எலாசர் இந்த வேறுபாட்டைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பரவல் என்றால் முதலில் ஒரு மையம் இருந்து, அது பரப்ப வேண்டும். கூட்டாட்சியில் அப்படி ஒரு மையமே கிடையாது, பல மையங்கள், ஒன்றின் அதிகாரம் இன்னொன்றின் தயவில் இல்லை. என்னைக் கேட்டால் எந்த நாட்டையும் இந்த ஒரு கேள்வியை வைத்துச் சோதிக்கலாம்: மாநிலத்திடம் இருப்பதை, மாநிலத்தின் சம்மதம் இல்லாமல் எடுக்க முடியுமா? அரசியலமைப்பின் முகப்புரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

கேள்வி: இந்தச் சிந்தனை எங்கே தொடங்கியது? அமெரிக்காக்காரர்கள்தானே கண்டுபிடித்தார்கள்? – முதுகலை மாணவி

இல்லை அம்மா. அமெரிக்கர்கள் அதை ஓடுகிற வண்டியாக்கினார்கள் என்று சொல்லலாம், சக்கரம் பழையது. பழங்காலத்தில் லிசியா என்ற பகுதியில் 23 நகரங்கள் ஒரு கூட்டணியாக இருந்தன. பெரிய நகரத்துக்கு மூன்று வாக்கு, நடுத்தர நகரத்துக்கு இரண்டு, சிறியதற்கு ஒன்று. 1748-இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்கியூ, நல்ல கூட்டுக் குடியரசுக்கு மாதிரி காட்டு என்றால் லிசியாவைக் காட்டுவேன் என்று எழுதினார். அவருடைய கவலை எளிமையானது: சிறிய குடியரசை அந்நியன் விழுங்கிவிடுவான், பெரிய குடியரசு உள்ளே அழுகிவிடும். சிறியவை கூடிக்கொண்டால் உள்ளே சிறியதாகவும் வெளியே பெரியதாகவும் இருக்கலாமே!

ஆனால் தத்துவ அடித்தளம் என்று கேட்டால் நான் இன்னும் பின்னால் போவேன், இரண்டு பேர் சண்டைக்கு. நேருக்கு நேர் அல்ல, புத்தகத்தில்.

ஒருவர் பிரெஞ்சுச் சட்ட அறிஞர் ழான் போதன். மதச் சண்டையில் பிரான்ஸ் ரத்தத்தில் நனைந்துகொண்டிருந்த காலம், 1572-இல் பாரிஸில் புராட்டஸ்டண்டுகளைக் கொன்று குவித்த படுகொலை நடந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1576-இல் அவர் எழுதினார்: ஒரு நாட்டில் இறையாண்மை ஒரே இடத்தில்தான் இருக்க முடியும், அதைப் பிரிக்க முடியாது, பிரித்தால் அது இறையாண்மையே இல்லை. அவர் பயத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஊருக்கு ஒரு படை, மதத்துக்கு ஒரு படை என்று அலைந்ததைக் கண்ணால் பார்த்தவர்.

இன்னொருவர் யோஹன்னஸ் அல்தூசியஸ், ஜெர்மானியர், கால்வின் வழிப் புராட்டஸ்டண்ட். 1603-இல் அவர் எழுதியதில் எல்லாம் தலைகீழ். அரசியலை அவர் ராஜாவிலிருந்து தொடங்கவில்லை, குடும்பத்திலிருந்து தொடங்குகிறார். குடும்பங்கள், அப்புறம் ஒரே தொழில் செய்பவர்களின் சங்கங்கள், அவை சேர்ந்து நகரம், நகரங்கள் சேர்ந்து மாகாணம், மாகாணங்கள் சேர்ந்து நாடு. ஒவ்வொரு படியும் கீழ்ப்படியில் இருப்பவர்களின் உடன்படிக்கையால் உருவாகிறது. மேல்படிக்கு உரியது அந்தப் படிக்குத் தேவையானது மட்டும். இறையாண்மை யாருக்கு? இப்படி உடன்பட்டுச் சேர்ந்த மக்கள் கூட்டத்துக்கு. அரசர் வெறும் நிர்வாகி, வரம்பு மீறினால் எதிர்க்கலாம். இதை அவர் பல்கலைக்கழகத்தில் பாடமாகச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. எம்டன் என்ற துறைமுக நகரம் தன் பிரபுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது, 1604-இல் இவரைச் சட்ட ஆலோசகராகக் கூப்பிட்டுக்கொண்டது. 1638-இல் சாகும் வரை அந்த நகரத்துக்காக வழக்காடினார்.

லத்தீனில் 'ஃபோதுஸ்' என்றால் உடன்படிக்கை. 'ஃபெடரல்' அதிலிருந்து வந்தது. கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே உடன்படிக்கை என்ற விவிலியக் கருத்து அந்தக் காலச் சீர்திருத்தக் கிறித்தவர்களிடம் வலுவாக இருந்தது, அதுதான் அரசியலுக்குள் இறங்கியது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பாதி உண்மையாகத் தோன்றுகிறது. மீதிப் பாதி, தன் சுங்க வருமானத்தைப் பிரபுவிடம் இழக்க விரும்பாத வியாபாரிகளின் நகரங்கள்.

கேள்வி: போதன் சொன்னதுதான் லாஜிக்காக இருக்கிறது. ஒரே நிலத்தில் இரண்டு அரசு எப்படி? கடைசியில் யாராவது ஒருவர் சொல்வதுதானே செல்லும்? – வழக்கறிஞர்

நல்ல குறுக்கு விசாரணை. ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸும் 1651-இல் இதையே சொன்னார், அதிகாரத்தைப் பிரிப்பது அரசைக் கரைப்பது என்று. இதற்குச் சரியான பதிலைக் கண்டுபிடிக்க அமெரிக்கர்கள் ஒருமுறை தோற்க வேண்டியிருந்தது.

1781-இல் 13 மாகாணங்கள் செய்துகொண்ட முதல் ஒப்பந்தத்தில் மத்தியக் காங்கிரஸால் வரி போட முடியாது, மாகாணங்களிடம் 'தயவுசெய்து அனுப்புங்கள்' என்று கேட்கத்தான் முடியும். ஒப்பந்தத்தைத் திருத்த 13-ம் ஒப்புக்கொள்ள வேண்டும். இறக்குமதிக்கு ஐந்து சதவீதம் வரி போடலாம் என்று ஒரு திருத்தம் வந்தபோது, அத்தனை பெரிய கண்டத்தில் இருப்பதிலேயே சின்ன மாகாணமான ரோட் ஐலண்ட் மறுத்தது, கதை முடிந்தது. அன்றைய அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான ஹாமில்டன் கோளாறை எங்கே கண்டார் என்றால், மத்திய அரசு மாகாண அரசுகளுக்குத்தான் உத்தரவு போடுகிறது, மனிதர்களுக்குப் போடவில்லை. தனி மனிதன் கீழ்ப்படியாவிட்டால் நீதிமன்றம் இருக்கிறது. ஒரு மாகாணமே கீழ்ப்படியாவிட்டால் என்ன செய்வது? படை அனுப்ப வேண்டும், அது போர்.

எனவே 1787 அரசியலமைப்பில் இரண்டு அரசுகளும் ஒரே குடிமகனை நேரடியாகத் தொடும்படி செய்தார்கள், வேறு வேறு விஷயங்களில். கூட்டரசுக்கும் வெறும் அரசுகளின் கூட்டமைப்புக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு வருகிறேன்: இறையாண்மை யாரிடம்? அவர்கள் பதில், இரண்டு அரசிடமும் இல்லை, மக்களிடம். மக்கள் இரண்டு முகவர்களை வைத்திருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனி அதிகாரப் பத்திரம். போதனின் 'பிரிக்க முடியாத' இறையாண்மையை அப்படியே விட்டுவிட்டு, அதை அரசிடமிருந்து நகர்த்திவிட்டார்கள்! கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் 'மக்கள்' என்றால் ஒரே நாட்டு மக்களா, 13 மாகாணங்களின் 13 மக்களா? அந்த அரசியலமைப்பை ஆதரித்து வந்த கட்டுரை வரிசையில் 39-ஆம் கட்டுரையை எழுதிய மேடிசன் 'கொஞ்சம் இது, கொஞ்சம் அது' என்று நழுவினார். அந்த நழுவலுக்கு விலை எழுபது ஆண்டு கழித்து உள்நாட்டுப் போரில் கட்டப்பட்டது.

கேள்வி: அரசே வேண்டாம் என்ற அராஜகவாதிகள் கூடக் கூட்டாட்சியை ஆதரித்தார்களாமே?

ஆமாம், பிரெஞ்சு அராஜகவாதி புரூதோன். 1863-இல் அவர் வைத்த நிபந்தனை எனக்குப் பிடிக்கும்: ஒப்பந்தத்தில் சேர்கிறவர் விட்டுக்கொடுப்பதைவிடத் தன்னிடம் வைத்துக்கொள்வது அதிகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது கூட்டாட்சி இல்லை. இந்தக் கணக்குப்படி பார்த்தால் இன்று உலகில் கூட்டாட்சியே இல்லை என்றுகூடச் சொல்லிவிடலாம்.

ஜெர்மன் தத்துவவாதி காண்ட் வேறு வழி. 1795-இல் நாடுகளுக்கு இடையே நிரந்தர அமைதிக்குக் கூட்டமைப்பு வேண்டும் என்றார், ஆனால் உலகம் முழுவதற்கும் ஒரே அரசு என்பதைக் கண்டு பயந்தார், அது ஆன்மா இல்லாத கொடுங்கோன்மையாகிவிடும் என்று.

கேள்வி: மாநிலங்களுக்கு அதிகாரம் கொடுத்தால் ஜனநாயகம் வளரும் என்கிறீர்கள். அடிமை முறையைக் காப்பாற்றியதும் 'மாநில உரிமை' என்ற கோஷம்தானே?

நான் அப்படிச் சொல்லவில்லையே! ஆனால் கேள்வி கூர்மையானது, இதற்கு நேரம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

அமெரிக்காவின் தென் கரோலினாவைச் சேர்ந்த அரசியல்வாதி கால்ஹூன் அபார மூளைக்காரர். வெறும் எண்ணிக்கைப் பெரும்பான்மை போதாது, நாட்டின் ஒவ்வொரு பெரிய தரப்பும் சம்மதிக்க வேண்டும், சம்மதிக்காத மாநிலம் மத்தியச் சட்டத்தைத் தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவிக்கலாம் என்றார். 1832-இல் தென் கரோலினா சுங்க வரிச் சட்டத்தை அப்படி அறிவிக்கவும் செய்தது. சிறுபான்மைப் பாதுகாப்புக்கு இவ்வளவு நுட்பமான வாதம் குறைவு. அவர் காப்பாற்ற நினைத்த 'சிறுபான்மை', அடிமைகளை வைத்திருந்த முதலாளிகள். அடிமைகளின் சம்மதத்தை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அமெரிக்க அரசியல் அறிஞர் வில்லியம் ரைக்கர் 1964-இல் முகத்தில் அறைந்தாற்போல எழுதினார்: அமெரிக்காவில் நிறவெறியை வெறுப்பவர் கூட்டாட்சியையும் வெறுக்கத்தான் வேண்டும். கூட்டாட்சி பிறப்பது உயர்ந்த தத்துவத்தால் அல்ல, ராணுவப் பயத்தால் நடக்கும் பேரம் என்பதும் அவர் வாதம்தான்.

சரி, மறுபக்கம். 1850-இல் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் வந்தது. அதை எதிர்த்து மாநில உரிமை பேசியவர்கள் வடக்கு மாநிலத்தார், விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றே சொல்லிவிட்டது. அப்போது மத்திய அரசின் கை ஓங்க வேண்டும் என்று கேட்டவர்கள் தெற்கத்தியர்! கொள்கை என்று நினைத்துக்கொண்டிருந்தது கையில் கிடைத்த தடியாக மாறும் இடம் இது.

இன்னொரு ஜோடி. வயோமிங் 1869-இல் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது, அப்போது அது மாநிலம்கூட இல்லை, ஆட்சிப் பகுதிதான். நாடு முழுவதற்கும் அந்த உரிமை அரசியலமைப்பில் ஏற 1920 ஆனது. நீதிபதி பிராண்டைஸ் 1932-இல் மாநிலங்களைச் சோதனைக்கூடம் என்றது இதற்கெல்லாம் பொருந்தும்: ஒரு மாநிலம் துணிந்து செய்து பார்க்கட்டும், கெட்டால் அதோடு போகட்டும். இப்போது சுவிட்சர்லாந்துக்கு வாருங்கள். அங்கே தேசிய அளவில் பெண்கள் வாக்களிக்க 1971 வரை காத்திருந்தார்கள், அதுவே வெட்கக்கேடு. அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற குட்டி மாநிலத்தின் ஆண்கள், மாநில விவகாரங்களில் பெண்களுக்கு வாக்கு இல்லை என்று 1990 வரை பிடிவாதமாக இருந்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில்கூடத் திறந்தவெளியில் கூடிக் கை உயர்த்தி மறுத்தார்கள். நவம்பரில் கூட்டரசு உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் முடிந்தது.

வயோமிங்கை முந்திப் போகவிட்டதும் அப்பென்செலைப் பின்தங்கவிட்டதும் ஒரே ஏற்பாடுதான். அதனால் 'கூட்டாட்சி முற்போக்கானது', 'பிற்போக்கானது' என்று யார் பேசினாலும் நான் காதைப் பொத்திக்கொள்வேன். அது நல்லதைக் கொண்டுவரும் என்று உத்தரவாதம் கொடுப்பதில்லை. தவறு செய்பவர் ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் தவறு செய்ய முடியாது என்று மட்டும் சொல்கிறது. தனி மனிதனின் அடிப்படை உரிமையை எந்த மட்டத்து அரசும் தொட முடியாது என்ற வேலி கூடவே இருந்தால்தான் இது தாங்கும். கால்ஹூன் சாமர்த்தியமாக விட்டுவிட்டது அந்த வேலியைத்தான்.

கேள்வி: கூட்டாட்சி கடைசியில் பிரிவினையில்தானே முடியும்? சோவியத் யூனியன் என்ன ஆயிற்று?

சோவியத் அரசியலமைப்பில் பிரிந்துபோகும் உரிமை அச்சிட்டே இருந்தது, 15 குடியரசுகளுக்கும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே கட்சி மாஸ்கோவிலிருந்து நடத்தியது. மேலே சொன்ன என் சோதனையில் அது முதல் சுற்றிலேயே தோற்கும். கட்சி சரிந்தது, 1991-இல் ஏட்டில் இருந்தது நடப்புக்கு வந்தது.

பிரிவினை உரிமையைப் பற்றிக் கூட்டாட்சி நாடுகளுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1869-இல், அழிக்க முடியாத மாநிலங்களால் ஆன அழிக்க முடியாத ஒன்றியம் என்று கதவைச் சாத்தியது. எத்தியோப்பியா 1995-இல் 39-ஆம் பிரிவில் கதவைத் திறந்தே வைத்தது. எனக்கு மிகவும் பக்குவமாகத் தெரிவது கனடா. பிரிந்துபோகப் பார்த்த கியூபெக் மாகாணத்தின் விஷயத்தில் 1998-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், தன்னிச்சையாகப் பிரிய உரிமை கிடையாது, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை 'ஆம்' என்று சொன்னால் மற்றவர்கள் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்றது.

கூட்டாட்சி கேட்பதே பிரிவினை என்ற வாதமும் உண்டு. இலங்கையில் 1926-இல் சமஷ்டி ஆட்சி வேண்டும் என்று எழுதியவர், பிற்பாடு தனிச் சிங்களச் சட்டம் கொண்டுவந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க! ஒரே நாட்டுக்குள் சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்ல 2017 ஆயிற்று. இடையில் நடந்தது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: உடன்படிக்கைதான் அடித்தளம் என்றால், இந்தியாவில் மாநிலங்கள் எந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டன?

இடவில்லை. அம்பேத்கரே 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் இதைச் சொல்லிவிட்டார்: இது கூட்டாட்சிதான், ஆனால் மாநிலங்களின் ஒப்பந்தத்தால் வந்ததல்ல, எனவே பிரியும் உரிமையும் இல்லை. அரசியல் அறிஞர் ஆல்ஃபிரெட் ஸ்டெபன் இப்படிப்பட்டவற்றைத் தனி வகையாக்கினார். தனித்தனியாக இருந்தவை சேர்ந்து வந்தது ஒரு வகை, அமெரிக்கா, சுவிட்சர்லாந்து போல. ஒன்றாக இருந்ததைச் சிதறாமல் பிடித்து வைக்கப் பிரித்தது இன்னொரு வகை, இந்தியா, 1993-க்குப் பிந்தைய பெல்ஜியம் போல.

என் சோதனையை வைத்தால் இந்தியாவுக்கு அரை மதிப்பெண். அதிகாரப் பட்டியல்களைத் திருத்தப் பாதி மாநிலங்களாவது ஒப்ப வேண்டும், அது தேறுகிறது. ஆனால் 3-ஆம் பிரிவின்படி ஒரு மாநிலத்தைப் பிரிக்க அந்த மாநிலத்தின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் வேண்டாம். 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது, பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது, ஜூனில் தெலங்கானா பிறந்தது. தெலங்கானா மக்கள் கேட்டது நியாயமா என்பது வேறு. அமெரிக்காவில் இப்படி ஒரு மாநிலத்தை அதன் சட்டமன்றம் ஒப்பாமல் பிரிக்க முடியாது.

கேள்வி: அமெரிக்க செனட்டில் எல்லா மாநிலத்துக்கும் இரண்டு இடம். இது என்ன ஜனநாயகம்?

கலிஃபோர்னியாவில் ஏறக்குறைய 4 கோடிப் பேர், வயோமிங்கில் 6 லட்சத்துக்கும் குறைவு. அறுபது மடங்குக்கு மேல். மாநிலங்களும் உறுப்பினர்கள், மனிதர்களும் உறுப்பினர்கள் என்று எடுத்துக்கொண்டால் ஓரளவு ஏற்றத்தாழ்வு தவிர்க்க முடியாது, ஆனால் இவ்வளவா? ஜெர்மன் மேலவையில் மாநிலத்துக்கு மூன்று முதல் ஆறு வாக்கு, மக்கள்தொகையைப் பொறுத்து. லிசியாக்காரர்கள் சிரிப்பார்கள், அவர்கள் எப்போதோ செய்ததுதானே!

கேள்வி: பட்டியலில் அதிகாரம் இருந்தும் கஜானா காலியாக இருந்தால்?

அப்போது அது கூட்டாட்சி மாதிரி தெரியும், அவ்வளவுதான். 1946-இல் கே.சி. வேர் என்ற அறிஞர், தன் வேலைக்கான பணம் தன் கட்டுப்பாட்டில் இல்லாத அரசு சுதந்திரமான அரசு இல்லை என்று வலியுறுத்தினார். ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். வருமான வரியை மாநிலங்களும் வசூலித்துவந்தன. 1942-இல் போர்ச் செலவுக்காக என்று மத்திய அரசு முழுவதையும் எடுத்துக்கொண்டது, அந்நாட்டின் உச்சபட்ச மன்றமான உயர் நீதிமன்றமும் சரி என்றது. போர் முடிந்தது. வரி திரும்பவில்லை. 1957-இல் மறுபடி வழக்கு, பெரும்பாலும் அதே தீர்ப்பு. மாநிலங்கள் மத்திய மானியத்தை எதிர்பார்த்து நிற்கின்றன, மானியத்தோடு நிபந்தனையும் வரலாம். இத்தனைக்கும் அரசியலமைப்பில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை! என் சோதனையில் ஓட்டை எங்கே என்று கேட்டு எழுதியிருந்த நண்பருக்கும் இதுவே பதில். சட்டத்தில் எடுக்க முடியாததைக் கணக்குப் புத்தகத்தில் எடுத்துவிடலாம்.

கேள்வி: எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

ஹாமில்டன், மேடிசன், ஜே மூவரும் 1787-88-இல் புதிய அரசியலமைப்பை ஆதரித்து 'பப்ளியஸ்' என்ற ஒரே புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகளில் 10, 15, 39, 51 போதும் இப்போதைக்கு. அதோடு நிறுத்தாதீர்கள். எதிர்த்தரப்பில் 'புரூட்டஸ்' என்ற புனைபெயரில் ஒருவர் எழுதியவற்றில் முதல் கட்டுரையைக் கட்டாயம் படியுங்கள். மத்திய அரசும் அதன் நீதிமன்றங்களும் கொஞ்சம் கொஞ்சமாக மாநிலங்களை விழுங்கும் என்று அவர் பயந்தார். பப்ளியஸ் ஜெயித்தார், ஆனால் புரூட்டஸ் சொன்னதில் எவ்வளவு நடந்தது என்று குறித்துக்கொண்டே வாருங்கள், சுவாரசியமாக இருக்கும். அல்தூசியஸை மட்டும் முதலில் எடுக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், அவர் குடும்பத்தைத் தாண்டி நகரத்துக்கு வருவதற்குள் எனக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது.